கஞ்சி போட்ட தொட்டில்

என் மகளுக்கு எங்கள் வீட்டில் வைத்த செல்லப்பெயர் மூட்டை. லாண்டரி வைத்திருக்கிற குடும்பத்தில் பிறந்தால் இப்படித்தான். வைத்தது என் வீட்டுக்காரர். ஹோட்டல் ஹோட்டலாக வேனில் போய் அழுக்கு மூட்டைகளை அள்ளி வருவதும், வெளுத்த மூட்டைகளைக் கொண்டுபோய் இறக்குவதும் அவர் வேலை. ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கையில் கொடுத்ததும், "நான் தூக்கினதுலயே சின்ன மூட்டை இதுதான்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒரே ஒரு வித்தியாசத்தைச் சொல்ல அவர் மறந்துவிட்டார். மற்ற மூட்டைகளை இறக்கி வைக்க முடியும்.

இவளை முடியாது. தோளில் சாய்த்தால் தூங்குவாள். மார்பில் போட்டால் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவாள். முதுகு தொட்டிலில் பட வேண்டியதுதான், கண் திறந்துவிடும். உதடு கோணும். அடுத்த நொடி ஊரைக் கூட்டுவாள். திரும்ப எடுத்தால் உடனே அமைதி, ஏதோ நான்தான் கிள்ளி வைத்த மாதிரி ஒரு பார்வை வேறு.

எங்கள் வீடு லாண்டரிக்கு மேலே, மாடியில். கீழே மெஷின் ஓட ஓட எங்கள் தரை சுடும். ஜன்னலோரம் ஒரு நாற்காலி. அதுதான் ஒரு மாதத்துக்கும் மேலாக என் உலகம். தண்ணீர் பாட்டில் கைக்கு எட்டும். போன் எட்டாது, எப்போதும் விரல் நுனிக்குச் சற்று அப்பால்தான் கிடக்கும். முதுகு அரிக்கும், சொறிய முடியாது. சிறுநீர் முட்டும், எழ முடியாது. சாப்பாட்டை ஒற்றைக் கையால் அள்ளிப் போட்டுக்கொள்வேன். சிந்துவது பிள்ளையின் தலையில் விழும், அதைத் துடைக்கவும் கை இல்லை. தலை வாரி எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்காதீர்கள், அழுதுவிடுவேன்.

"தூங்கிடுச்சா?"

கீழேயிருந்து குரல் வரும். என் வீட்டுக்காரரின் அண்ணன். லாண்டரிக்கு முதலாளி, வீட்டுக்கும் அவர்தான் முதலாளி. எங்களுக்கெல்லாம் பெரியவர். பாசத்தில் கேட்கிறார் என்று முதலில் நம்பினேன். குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு நாள் அவர் வாயாலேயே விஷயம் வந்தது.

"பிள்ளை என்னைக்குத் தொட்டில்ல தூங்குதோ, அன்னைக்கே சின்னவ கீழ வந்துடணும். ரோலர் ஒத்தையா நிக்குது."

என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார். அண்ணன் பேசும்போது அவருக்குத் தட்டில் எப்போதும் ஏதாவது இருக்கும்.

"டாக்டர் ரொம்ப நேரம் நிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க மாமா. தையல் இன்னும் இழுக்குது" என்றேன். எனக்கு வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள்.

"நின்னா என்னம்மா? மெஷின்தானே வேலை செய்யுது!"

ரோலர் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஆள் உயரத்துக்குப் படுத்துக் கிடக்கும் சூடான இரும்பு உருளை. இந்தப் பக்கம் ஒருத்தி ஈர விரிப்பின் விளிம்பை நீவி உள்ளே விட வேண்டும். அந்தப் பக்கம் இன்னொருத்தி, அது மொடமொடவென்று வெளியே வர வர, சூட்டோடு பிடித்து மடிக்க வேண்டும். இரண்டு பேர் வேலை. பெரியவரின் மனைவி, என் ஓரகத்தி, விடுவாள், நான் பிடிப்பேன். கல்யாணமான மறுவாரத்திலிருந்து அப்படித்தான். வயிறு முட்டிக்கொண்டிருந்த கடைசி மாதம் வரை பிடித்தேன்.

இப்போது அவளே இந்தப் பக்கம் விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடி, தரையில் விழுவதற்குள் பிடிக்கிறாள். பெரியவர் மேஜையில் உட்கார்ந்து போன் பேசுகிறார். ஆள் போடலாமே என்று யாராவது சொன்னால், "வீட்டுல ரெண்டு பொம்பளைங்க இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்பார். அவர் கணக்கில் நாங்கள் ஆட்கள் இல்லை, பொம்பளைகள்.

ஆக, என் நிலைமை இதுதான். பிள்ளை தொட்டிலில் தூங்க வேண்டும், இல்லையென்றால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும். பிள்ளை தொட்டிலில் தூங்கிவிட்டால் நான் ரோலருக்குப் போக வேண்டும். என் கை எனக்குக் கிடைக்கும் அதே நிமிடம் பெரியவருக்கும் கிடைத்துவிடும்.

இருந்தாலும் முயன்றேன். கை மரத்துப்போனவளுக்கு நாளையைப் பற்றி யோசிக்கப் பொறுமை ஏது.

தடுப்பூசி போடப் போனபோது நர்ஸிடம் கேட்டேன். நல்லவள், நிதானமாகச் சொன்னாள். "அசந்து தூங்கின பிறகு போடாதீங்க, கண்ணு சொருகும்போதே போடுங்க. முதல்ல அடிப்பக்கம் படட்டும், அப்புறம் முதுகு, கடைசியா தலை. எப்பவும் மல்லாக்கத்தான். தலையணை, பொம்மை, போர்வை ஒண்ணும் கூட வேண்டாம். உடனே கையை எடுத்துடாதீங்க, நெஞ்சு மேல கொஞ்ச நேரம் வெச்சிருங்க. சிணுங்கினா பாயாதீங்க, தானா அடங்குதான்னு பாருங்க. ஆனா ஒண்ணு, நாற்காலில பிள்ளையை வெச்சுக்கிட்டு நீங்க மட்டும் தூங்கிடவே கூடாது."

எல்லாம் செய்தேன். கண் சொருகும்போது போட்டேன். அடிப்பக்கம், முதுகு, தலை. வெடிகுண்டை இறக்கி வைக்கிறவன்கூட அவ்வளவு பதமாக வைக்க மாட்டான். நெஞ்சின் மேல் கையை வைத்துக் குனிந்தபடியே நின்றதில் என் தையல்தான் விண்ணென்று இழுத்தது. அவள் காலை ஒரு உதை உதைத்தாள், தலையை ஒரு திருப்பு திருப்பினாள், கண்ணைத் திறந்தாள், ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் அழ விடு, பழகிடும்" என்றார் பெரியவர், கீழே நின்றபடி.

"கொஞ்சம் தூக்கிக்கோயேன், பாவம்" என்றார் என் வீட்டுக்காரர், வேன் சாவியைக் கையில் எடுத்தபடி.

இரண்டு பேருக்கும் வாய் மட்டும்தான் வலித்திருக்கும்.

தொட்டிலில் மட்டும் பெரியவர் குறை வைக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். மரத்தில் கடைந்த தொட்டில், நல்ல மெத்தை, தினமும் புது விரிப்பு. "நம்ம வீட்டுப் பிள்ளை, பெரிய ஹோட்டல்ல தங்கறவங்க மாதிரி படுக்கணும்" என்று, தொட்டில் அளவுக்கு வெட்டித் தைத்த விரிப்புகளைத் தொழிற்சாலைப் பவுடரில் துவைத்து, கெட்டியாகக் கஞ்சி போட்டு, ரோலரில் விட்டு எடுத்து மேலே அனுப்புவார். ஓரகத்தி காலையில் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்துவிட்டுப் போவாள். தொட்டிலில் போட்டால் ஒரு சுருக்கம் இருக்காது. பார்க்க வருகிறவர்கள் தொட்டுப் பார்த்து அசந்துபோவார்கள். அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

ஒரு நாள் கீழே பெரிய ஆர்டர். விரிப்பு வரவில்லை. இருந்ததை மூட்டை நனைத்துவிட்டாள். வேறு வழியில்லாமல், குளியலறையில் நானே சோப்புப் போட்டு அலசிக் காயவைத்திருந்த என் பழைய நைட்டியை எடுத்துக் கிழித்தேன். துவைத்துத் துவைத்து நூல் தேய்ந்து துவண்டு கிடக்கும் துணி. மெத்தையின்மேல் இழுத்து, நான்கு பக்கமும் அடியில் இறுக்கிச் செருகினேன். பெரியவர் பார்த்தால் மானம் போயிற்று என்பார். கண் சொருகியது. இறக்கினேன். அடிப்பக்கம், முதுகு, தலை.

காலை ஒரு உதை உதைத்தாள். தலையை ஒரு திருப்பு திருப்பினாள். ஒரு பெருமூச்சு விட்டாள். தூங்கினாள்.

நான் அப்படியே நின்றேன். ஏதோ ஒன்று குறைந்திருந்தது, என்னவென்று பிடிபடவில்லை. பிறகு அவள் நனைத்த கஞ்சி விரிப்பின் நனையாத ஓரத்தை எடுத்து என் கன்னத்தில் வைத்துத் தலையை அசைத்துப் பார்த்தேன். காதுக்குள் மொறமொறவென்று அப்பளம் நொறுங்கியது.

அடப் பாவிகளா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். இத்தனை நாளும் பிள்ளை தலையைத் திருப்பும்போதெல்லாம் அதன் காதில் இந்தச் சத்தம். பிஞ்சுக் கழுத்தில் இந்த முரடு. உலகத்தில் வேறு எந்த வீட்டிலாவது பச்சைப் பிள்ளையின் படுக்கைக்குக் கஞ்சி போட்டு ரோலரில் விடுவார்களா? லாண்டரிக்காரர்கள் விடுவார்கள். எங்களுக்கு அது சத்தமே இல்லை. துணி என்றாலே எங்கள் காதில் அப்படித்தான் விழும். எனக்கே அது கேட்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அப்புறம்தான் என் கைகளைப் பார்த்தேன். இரண்டும் காலியாக இருந்தன. முதுகைச் சொறிந்தேன், அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல. கதவைச் சாத்திக்கொண்டு கழிவறைக்குப் போனேன். தலை வாரினேன், சிக்கு எடுக்க எடுக்கக் கண்ணில் நீர் வந்தது. தட்டை மடியில் வைத்து நிதானமாகச் சாப்பிட்டேன்.

"தூங்கிடுச்சா?"

வாயில் சோற்றோடு உறைந்துபோனேன். விழுங்கிவிட்டு மாடிப்படிக்குப் போய்க் குரலைச் சோர்வாக்கிக்கொண்டு, "இல்ல மாமா, தோள்லதான் இருக்கா" என்றேன். பொய் அவ்வளவு சரளமாக வந்தது. எனக்கே ஆச்சரியம்.

அதற்குப் பிறகு வேறு விதமான சிறை. படியில் செருப்புச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொள்வேன். தொட்டிலில் நன்றாகத் தூங்குகிறவளைத் தூக்கிவைத்துக்கொண்டு, தூங்காதவள் மாதிரி தட்டிக்கொடுப்பேன். அவள் தூங்கும் நேரத்தில் நான் நடமாடினால் கீழே கேட்கும். அதனால் காலி கையோடு அதே நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். முன்பு பிள்ளை என்னைக் கட்டிப்போட்டது, இப்போது என் பொய் கட்டிப்போட்டது. வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. அவர் வயிற்றில் ஒரு விஷயம் தங்காது, அண்ணனைப் பார்த்ததும் கொட்டிவிடுவார். காலையில் வரும் கஞ்சி விரிப்புகளைப் பிரிக்காமலே அழுக்குக் கூடையில் போட்டுக் கீழே அனுப்பினேன்.

நிம்மதியாக இருந்தேனா என்றால், இல்லை. அமைதியாக உட்கார்ந்ததும் கீழே நடப்பது துல்லியமாகக் கேட்டது. ஓரகத்தியின் காலடி. இந்தப் பக்கம் நிற்கும், பிறகு தடதடவென்று ஓடும், அந்தப் பக்கம் நிற்கும், மறுபடி ஓடும். காலையிலிருந்து பொழுது சாயும்வரை. ஒவ்வொரு ஓட்டத்திலும் நான் செய்ய வேண்டிய பாதி வேலை இருந்தது. எனக்குத் தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். தையலைத் தடவிப் பார்த்துக்கொள்வேன், இன்னும் வலிக்கிறதல்லவா என்று என்னை நானே கேட்டுக்கொள்வேன். வலிக்கத்தான் செய்தது.

நேற்று முன்பகலில் அவள் செருப்பில்லாமல் மேலே வந்துவிட்டாள்.

எனக்குச் சத்தமே கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் வாசலில் நிற்கிறாள். முழங்கைக்குக் கீழே சிவந்து பளபளவென்று ஒரு கோடு, ரோலர் சுட்ட கோடு. அவள் கண் தொட்டிலில். தொட்டிலில் மூட்டை வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருக்கிறாள். நான் கையில் சீப்போடு நிற்கிறேன்.

"அக்கா..." என்றேன்.

"தீக்காய மருந்து எங்க இருக்கு?" என்றாள்.

எடுத்துப் பூசிவிட்டேன். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். இந்த வீட்டில் பகலில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"அக்கா, இன்னைக்குத்தான் முதல் தடவையா..."

"பொய் சொல்லாதே. போன வாரமே தெரியும் எனக்கு. கூடையில வர்ற பெட்ஷீட்ல நான் போட்ட மடிப்பு அப்படியே இருக்கு. படுத்த துணிக்கும் படுக்காத துணிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

தலை குனிந்தேன். "ஏன் மாமாகிட்ட சொல்லல?"

"சொல்லி? நீ வந்து நிப்பே. தையல் பிரியும். அவரு 'பாத்தியா, ஆளே தேவையில்ல'ன்னுவாரு. நீ வராம இருந்தா, ஒரு நாள் இல்ல ஒரு நாள் ஆள் போட்டுத்தானே ஆகணும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடிட்டிருந்தேன்." கையை ஊதிக்கொண்டாள். "ஆனா அவரு போட மாட்டாருடி. நான் ஓடற வரைக்கும் போட மாட்டாரு. அதுதான் இப்ப இந்தக் கை சுட்டப்போ புத்தியில உறைச்சுது."

கீழே ரோலர் வெறுமனே சுற்றும் சத்தம். பெரியவரின் குரல்: "எங்க போய்ட்டே? வேன் வர்ற நேரம்! ஹோட்டல்லேருந்து போன் மேல போன்!"

ஓரகத்தி எழுந்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"பிள்ளையைக் குடு."

"தூங்கறாளே அக்கா!"

"எழுப்பிக் குடு. பிள்ளை இப்ப என்கிட்டதான் நிக்குது, நான் இறங்க முடியாதுன்னு சொல்றேன். மெஷினை யாரு ஓட்டறாங்கன்னு பாப்போம்."

தூங்க வைக்க நான் என்ன பாடுபட்டேன் என்று சொன்னேனே, அந்தத் தூக்கத்தை என் கையாலேயே கலைத்தேன். சரேலென்று தூக்கினேன். மூட்டை திடுக்கிட்டு வீறிட்டாள். ஓரகத்தி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அழுகைக்கு மேலே கத்தினாள்: "பிள்ளை ரெண்டு பேரையும் விட மாட்டேங்குது! நான் வர முடியாது!"

கீழே ரோலர் நின்றது. வேலை நேரத்தில் அது நின்று நான் கேட்டதில்லை. காலடித் தரை அதிர்வதை நிறுத்தியது. பெரியவர் படியேறும் சத்தம், நடுவில் போன், யாரிடமோ "வந்துட்டே இருக்கு சார், வண்டி கிளம்பிடுச்சு" என்று பசப்பல். பாதிப் படியில் நின்றே பேசினார்.

அதற்குள் மூட்டை அடங்கிவிட்டாள். விம்மல் ஒன்று, பெருமூச்சு ஒன்று, கண் சொருகியது. நிமிர்ந்து பார்த்தால் ஓரகத்தியும் தூங்கிவிட்டாள். நடிப்பில்லை, நிஜத் தூக்கம். எத்தனை வாரத்துத் தூக்கமோ. வாய் லேசாகத் திறந்திருந்தது, தலை சரிந்திருந்தது.

பெரியவர் வாசலுக்கு வந்தார். நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கைகளைப் பார்த்தார்.

"அவதான் பிள்ளையை வெச்சிருக்காளே. அப்ப நீ சும்மாத்தானே நிக்கறே? நீ வா."

எங்கள் இருவர் மண்டைக்கும் இது எட்டவே இல்லை. ஓரகத்தியைத் தட்டி எழுப்பினால் போதும். அவள் ஏதாவது சமாளிப்பாள், இல்லையென்றால் எழுந்து கீழே போவாள், நான் நாற்காலிக்குத் திரும்பிவிடலாம். கையை நீட்டிவிட்டேன்கூட. அப்போது பார்த்தேன், பிள்ளையை அணைத்திருந்த அவள் கை தளர்ந்துகொண்டிருந்தது. மூட்டையின் தலை மெல்லத் தோளிலிருந்து நழுவி, மூக்கு அவள் கழுத்து மடிப்பில் புதையப் பார்த்தது.

யோசிக்க நேரமில்லை. பிள்ளையை எடுத்தேன். எடுத்துவிட்டு நின்றேன். இனி இரண்டே வழி. தோளில் போட்டுக்கொண்டு, 'இறக்கி வைக்க முடியாது மாமா' என்று சொல்லலாம். சொன்னால் அவர் எழுப்பப் போவது ஓரகத்தியைத்தான். நாற்காலியில் அவள் சுட்ட கையை மடியில் மல்லாக்கப் போட்டுக்கொண்டு தூங்கினாள்.

பெரியவர் கண்ணெதிரிலேயே தொட்டிலுக்குப் போனேன். குனிந்தேன். அடிப்பக்கம், முதுகு, தலை. நெஞ்சின்மேல் கையை வைத்து, மெல்ல எடுத்தேன். மூட்டை சப்புக் கொட்டிவிட்டுத் தூங்கினாள்.

"தூங்குதே!" என்றார் அவர், நம்ப முடியாமல். "எப்பலேருந்து?"

"நீங்க கஞ்சி போட்டுக் குடுத்த பெட்ஷீட்டை நான் எடுத்ததுலேருந்து."

அவர் முகம் சுண்டியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாசலில் வேன் ஹாரன் அடித்தது. என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். பெரியவரின் பையில் போன் மறுபடியும் அலறியது. அதை அவசரமாக அமுக்கிவிட்டு, பழைய மிடுக்கோடு, "அப்ப இன்னும் என்ன, ரெண்டு பேரும் கீழ வாங்க. அவளை எழுப்பு" என்றார்.

"எழுப்ப மாட்டேன் மாமா."

இந்த வீட்டில் நான் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. குரல் உயரவில்லை, உயர்த்தினால் இரண்டு பேரும் எழுந்துவிடுவார்களே. "நான் வர்றேன். ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்து, இந்தப் பக்கம் துணியை விடறேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

"அந்தப் பக்கம் யாரு பிடிக்கறது?"

வீட்டில் விழித்திருக்கிற, வேலையில்லாத இன்னொரு ஆளை வெறுமனே பார்த்தேன். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

கதவைத் திறந்தே வைத்துவிட்டு இறங்கினேன். ஒவ்வொரு படிக்கும் தையல் இழுத்தது. கீழே அதே சூடு, அதே பவுடர் வாடை, மலையாக ஈர விரிப்புகள். இங்கேதான் திரும்ப வந்துவிட்டேன், இதைத்தான் பயந்துகொண்டிருந்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பொத்தானை அமுக்கினேன். தரை அதிர ஆரம்பித்தது. முதல் விரிப்பின் விளிம்பை நீவி உள்ளே விட்டேன். ஹாரன் இன்னொரு தடவை அடித்தது. பெரியவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ரோலரைச் சுற்றி அந்தப் பக்கம் போய் நின்றார்.

துணி வெளியே வந்தது. "ஐயோ!" என்று அவர் கையை உதறுவது கேட்டது. விரிப்பு தொப்பென்று தரையில் விழுந்தது.

"கீழ விழுந்தா மறுபடியும் துவைக்கணும் மாமா" என்றேன். "அடுத்தது வருது, பிடிங்க."